மூங்கிலாற்றுத் துரைமீன் பாதுகாப்புச் சங்கம்

மூங்கிலாற்றைக் காப்பாற்றியே தீர்வது என்று பதுளையில் ஒரு மின்விசிறிக்குக் கீழே பதினோரு பேர் கைதூக்கி முடிவெடுத்த நேரத்தில், மாரிசாமி அந்த ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று இலை அள்ளிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே நாலு நாளைக்குச் சேர்த்து அள்ளி வைத்திருப்பார்.

நமுனுகுல மலைச் சரிவில், தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், குடும்பத்துக்கு ஓர் அறையாக இருபத்து நான்கு காம்பிராக்கள் கொண்ட ஒரு லயம். லயத்து முற்றத்தில் ஒரு பீலி. குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளை கழுவ எல்லாவற்றுக்கும் அந்தப் பீலியில் விழும் தண்ணீர்தான். அது மேலே மூங்கிலாற்றில் பதித்த குழாய் வழியாக வருகிறது. குழாயின் வாயில் ஒரு கம்பி வலை. ஒரு நாள் அதில் அடைத்த சருகை எடுக்காமல் விட்டால் பீலி நூலாகிவிடும். இரண்டு நாள் விட்டால் சொட்டும். மூன்றாம் நாள் பெண்கள் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருஷமாக மாரிசாமிதான் தினமும் காலையில் போய் அந்த வலையைச் சுத்தம் செய்கிறார். போகிற வழியில் கண்ணில் படுகிற பிளாஸ்டிக் போத்தல், பால்மா பாக்கெட், கிழிந்த உரப்பை எல்லாவற்றையும் பொறுக்கிக் கரையேற்றிவிடுவார். இதற்கு யாரும் அவருக்கு மாலை போட்டதில்லை. செய்யாத அன்று அவர் மனைவி பாக்கியலெட்சுமி சோற்றுத் தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கும்.

குழாய் வாய்க்குப் பத்தடி மேலே ஒரு கசம் உண்டு. ஆள் ஆழம். அதில் ஒரு துரைமீன் கிடந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தூண்டில் போடும் ஆசையில் சீமையிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து விட்ட ஜாதி என்று லயத்தில் சொல்வார்கள். அதன் உண்மையான பெயர் ட்ரவுட். துரை போய் எத்தனையோ காலமாகிறது, மீனும் அவரோடு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாரிசாமி மட்டும் அதைக் கண்ணால் கண்டார். முழங்கை நீளம், முதுகெல்லாம் புள்ளி.

கண்டவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பசறைக்குப் போன இடத்தில், ட்ரக்டர் வைத்திருக்கும் ஷுக்ரியோடு தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிவிட்டார். ஷுக்ரி மறுநாள் பதுளையில் ஒரு வீட்டுக்குச் செங்கல் இறக்கப் போன இடத்தில் சொல்லிவிட்டார். அந்த வீடு ஜெயரூபனுடையது.

ஜெயரூபன் ஒரு பெரிய அலுவலகத்துக்கு முப்பத்தைந்து வருஷம் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே தலைமை தாங்க ஒன்றும் இல்லாமல் போய், வீட்டில் மனைவிக்குத் தலைமை தாங்கிப் பார்த்து, அது சரிவராமல் முற்றத்தில் மதில் கட்டிக்கொண்டிருந்தார். மீன் கதையைக் கேட்டதும் மதில் பாதியில் நின்றது. ஒரு வாரத்தில் 'மூங்கிலாற்றுத் துரைமீன் பாதுகாப்பு, மீளமைப்பு மற்றும் விழிப்புணர்வுத் தொண்டர் சங்கம்' உருவானது. தலைவர் ஜெயரூபன். செயலாளர் றுஷ்தி என்ற பட்டதாரி இளைஞர். றுஷ்தி கெட்டவர் இல்லை. அளந்து எழுத முடியாத எதையும் அவரால் நம்ப முடியாது, அவ்வளவுதான்.

முதல் கூட்டம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் உட்கார்ந்து நடந்தது. தலைவர் எழுந்து பேசினார்.

"அன்பார்ந்த தொண்டர்களே! ஆறு என்றால் தண்ணீர் என்று நினைக்கிறீர்கள். தண்ணீர் எங்கேயும் இருக்கிறது. ஆறு என்பது ஒரு நிர்வாகம். இத்தனை காலம் இந்த ஆறு எந்த நிர்வாகமும் இல்லாமல் தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. கேட்கவே வேதனையாக இருக்கிறது. தொண்டு என்பது உள்ளத்திலிருந்து வர வேண்டும். காம்பிராவுக்கு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வர வேண்டும். உள்ளத்திலிருந்து வராதவர்களின் பெயரைச் செயலாளர் குறித்துக்கொள்வார்."

எல்லோரும் கை தட்டினார்கள். மாரிசாமியும் தட்டினார். நம் ஆற்றைக் கவனிக்கப் பெரிய மனுஷர்கள் வந்திருக்கிறார்களே என்று அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போய், வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று, ஆற்றை மேலிருந்து கீழ்வரை துடைத்தாற்போல் சுத்தம் செய்து வைத்தார்.

ஏழரைக்குப் பதுளையிலிருந்து இரண்டு வேன்கள் வந்தன. செம்மஞ்சள் மேலங்கி, கையுறை, முழங்கால் வரை சப்பாத்து, பதாகை, கமராக்காரர். லயத்து ஆட்களும் சேர்ந்து ஐம்பது பேர் வரிசையாக நின்று ஆற்றைப் பார்த்தார்கள். ஆறும் அவர்களைப் பார்த்தது. அள்ளுவதற்கு அதில் ஒரு டொபி மிட்டாய்த் தாள்கூட இல்லை.

"யாரு இதச் சுத்தம் பண்ணினது?" என்றார் ஜெயரூபன்.

"நாந்தாங்க ஐயா," என்று மாரிசாமி கூச்சத்தோடு முன்னால் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தார்.

"யாரக் கேட்டுச் செஞ்சீர்?"

"யாரையும் கேக்கலைங்க. தெனமும் செய்றதுதாங்க."

"தெனமுமா!" ஜெயரூபன் நெஞ்சில் கை வைத்தார். "ஒரு பொதுச் சொத்த ஒரு தனி மனுஷன் தன்னிஷ்டத்துக்குச் சுத்தம் பண்றதா? நாளைக்கு எல்லாரும் இப்பிடிக் கிளம்பினா சங்கம் எதுக்கு? கமராவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மாரிசாமிக்கு என்ன தப்புச் செய்தோம் என்று விளங்கவில்லை. ஆனாலும் "மன்னிச்சிருங்க ஐயா" என்றார். தோட்டத்தில் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிறகு காரணத்தை யோசிப்பதுதான் வழக்கம்.

ஒன்றரை மணித்தியாலத்தில் ஷுக்ரியின் ட்ரக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறி வந்தது. பெட்டி நிறையக் குப்பை.

"நானா, என்ன இது?" என்றார் மாரிசாமி.

"பசறைச் சந்தைக் குப்ப அண்ணே. தலைவர் ஃபோன்ல கோல் எடுத்தாரு. ஃபோட்டோவுக்கு விழுற மாதிரி கலர் கலராப் பாத்துக் கொண்டு வரட்டாம். நமக்கு என்னத்துக்கு? ஏத்தச் சொன்னாங்க, ஏத்தின. கொட்டச் சொன்னாங்க, கொட்டுற."

கொட்டினார். தொண்டர்கள் ஆர்ப்பரித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். கமரா சுழன்றது. ஜெயரூபன் ஒரு சிவப்பு வாளியை ஆற்றிலிருந்து தூக்கி, மறுபடி போட்டு, வெளிச்சம் நன்றாக விழும் பக்கமாக நின்று மறுபடி தூக்கினார். பாதி அள்ளியபோது மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்துவிட்டன. சாப்பிட்ட பிறகு எல்லோருக்கும் களைப்பு. மீதிப் பாதியையும் பார்சல் தாள்களையும் மாரிசாமி பொழுது சாயும்வரை தனியாகப் பொறுக்கினார். அன்று பீலியில் தக்காளி விதை வந்தது.

அடுத்த ஞாயிறு றுஷ்தி ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தார். தோட்டத்தில் எப்படி வேலை நடக்கிறது என்று விசாரித்து, அதையே ஆற்றுக்கும் வைத்துவிட்டார். காலையில் பெரட்டு. பெயர் கூப்பிட்டு, வந்தவர்களை எண்ணி, ஆளுக்கு ஒரு சாக்கு. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் தராசில் குப்பை நிறுவை. பத்துக் கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் கணக்கு. குறைந்தால், மலையில் கொழுந்து குறைந்த பெண்களுக்குப் போடுவதுபோலவே, அரைப்பேர். சம்பளமே இல்லாத வேலைக்கு அரைப்பேர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்துப் பெண்களுக்குக் கை தானாக வேகமாகிவிடும்.

"குப்ப நனஞ்சிருக்கு. ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு," என்றார் றுஷ்தி.

"தம்பி, ஆத்துக்குள்ள இருந்து எடுத்த குப்ப நனையாம எப்பிடி இருக்கும்?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"அதுக்குத்தான் அக்கா கழிக்கிறோம்."

ஆற்றில் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ குப்பைக்கு எங்கே போவது? அந்த லயத்துப் பெண்கள் ஒரு நாளும் ஆற்றில் குப்பை போட்டவர்கள் அல்ல. இப்போது வேறு வழி தெரியவில்லை. வாரம் முழுக்க வீட்டுக் குப்பையைக் குழியில் போடாமல் பத்திரமாகச் சேர்த்து வைத்தார்கள். ஞாயிறு காலை சேலைக்குள் மறைத்துக் கொண்டுபோய், ஆற்றில் போட்டு, எடுத்து, நிறுத்தார்கள். ஆற்றுக்குள் இருந்து எடுத்தால்தான் ஆற்றுக் குப்பை என்பதில் றுஷ்தி கண்டிப்பானவர். இல்லாத வீட்டுக்காரர்கள் இருக்கிற வீட்டில் கடன் வாங்கினார்கள். உப்பு, தீப்பெட்டி கொடுத்து வாங்கிய லயத்தில் குப்பை கொடுத்து வாங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

நிறுத்த குப்பையைக் கொண்டுபோக சங்கத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. 'சேகரித்தல்' என்ற சொல் சங்கத்தின் நோக்கங்களில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. ஆகவே எல்லாம் கரையில், குழாய் வாய்க்குச் சற்று மேலே, ஒரு மேடாகக் கிடந்தது. புதன்கிழமை மழை பெய்தால் மேடு ஆற்றுக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை அதையே அள்ளி மறுபடி நிறுப்பார்கள். ஆறு வாரத்தில் ஒன்பதாயிரம் கிலோ என்று றுஷ்தி அறிக்கை எழுதினார். மாகாணத்திலேயே மிக அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்ட ஆறு என்று மூங்கிலாற்றுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. இந்த ஆறு வாரத்தில் மாரிசாமி வலையைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயரூபன் கேட்டார்: "இந்தச் சின்ன ஆற்றில் ஒன்பதாயிரம் கிலோ குப்பை எப்படி வந்தது? மக்களால் வந்தது! மக்கள் இருக்கும்வரை இந்த மீனுக்கு நிம்மதி இல்லை. ஆகவே முதற்கட்டமாக மக்களை அப்புறப்படுத்துகிறோம்."

மறுநாள் ஆற்றின் இரு கரையிலும் கயிறு கட்டினார்கள். மூன்று மொழியில் பலகை நட்டார்கள். பதுளையிலிருந்து முறை வைத்து வந்த தொண்டர்கள் ஊதுகுழலோடு காவல் இருந்தார்கள். யாரும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது.

மாரிசாமி போய் றுஷ்தியிடம் கெஞ்சினார். "தம்பி, வலையில சருகு அடைக்கும். அஞ்சு நிமிசம் எறங்கி எடுத்துட்டு ஏறிர்றேன்."

"உறுப்பினர் மட்டுந்தான் எறங்கலாம் அண்ணே."

"அப்ப என்னையும் சேத்துக்கங்க."

"சேர்றதுண்டா ஆத்துக்குள்ள நாப்பது மணித்தியாலம் வேல செஞ்சிருக்கோணும்."

"நான் ஆறு வருசமாச் செய்றேனே!"

"அது சங்கம் வாறதுக்கு முந்தி. அப்ப இது பதிவுல ஆறே இல்ல." றுஷ்தி உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் பீலி நின்றது. பெண்கள் அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம் இறங்கி, தொழிற்சாலைத் தண்ணீர்த் தாங்கியில் பிடித்து, குடத்தோடு ஏறினார்கள். நாலாம் காம்பிரா மதுஷா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான். அவளும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறி வருவதை மாரிசாமி பார்த்தார். ஓடிப்போய்க் குடத்தை வாங்கினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பசறையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு முன்னால் தன் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தப் பிள்ளை இப்படி ஏறி வருவாளா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அழுதா தண்ணி வருமா?" என்றாள் பாக்கியலெட்சுமி. "போயி வலைய எடுங்க. ஊதுறவன் ஊதட்டும்."

போனார். கயிற்றைத் தாண்டினார். வலையிலிருந்து இரண்டு கை சருகு எடுப்பதற்குள் மூன்று பக்கத்திலிருந்தும் ஊதுகுழல் சத்தம் கேட்டது.

விசாரணை அதே பிள்ளை மடுவத்தில். மாரிசாமிக்குப் பிள்ளைக் கதிரையும் கொடுக்கவில்லை. றுஷ்தி குற்றப் பத்திரிகை வாசித்தார்: அத்துமீறி ஆற்றில் இறங்கியது, இயற்கையான சருகை இயற்கைக்கு மாறாக அகற்றியது, பாதுகாக்கப்பட்ட மீனின் மனநிலையைக் குலைத்தது.

"உமக்கு மீன் முக்கியமா, தண்ணி முக்கியமா?" என்று கர்ஜித்தார் ஜெயரூபன்.

"மீனுக்கும் தண்ணிதாங்க முக்கியம்."

"எதிர்த்துப் பேசாதீர்! நாங்க இவ்வளவு பேரும் குடும்பத்த விட்டுட்டு, ஞாயிற்றுக்கிழமைய விட்டுட்டு இங்க வாறது யாருக்காக? உமக்காகவா? இந்த ஆத்துக்காகவா? அந்த மீனுக்காக! அந்த மீன் மட்டும் இல்லாட்டி இந்தப் பக்கம் நாங்க ஏன் திரும்பிப் பாக்கப் போறோம்?"

மாரிசாமி மெதுவாகத் தலை நிமிர்ந்தார். இரண்டு மாதமாக விளங்காத ஒரு விஷயம் தலைவர் வாயாலேயே விளங்கிவிட்டது.

"மீன் இல்லைங்க ஐயா," என்றார்.

"என்ன?"

"நான் பாத்தது மீன் இல்லைங்க. பால்மா பாக்கெட்டு. உள்பக்கம் வெள்ளியாட்டம் மினுங்கும் பாருங்க, அது. வயசாச்சுங்க, கண்ணு மங்கிருச்சு."

அவர் வாழ்க்கையில் வாய் கூசாமல் சொன்ன முதல் பொய் அதுதான். வீட்டுக்கு வந்து பாக்கியலெட்சுமியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "இனி யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க," என்றாள் அவள்.

சங்கம் ஒரு பேச்சை நம்பி முடிவெடுக்காது. மீன் கணக்கெடுப்பு நடந்தது. முப்பத்திரண்டு தொண்டர்கள் சப்பாத்தோடு ஆற்றில் இறங்கி, தடியால் தண்ணீரை அடித்து, ஊதுகுழல் ஊதிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நடந்தார்கள். கசத்தில் மூன்று தடவை கல் எறிந்து பார்த்தார்கள். மானமுள்ள எந்த மீன்தான் வெளியே வரும்? 'எண்ணிக்கை: பூச்சியம்' என்று எழுதி றுஷ்தி கையெழுத்து வைத்தார்.

ஜெயரூபன் அந்தத் தாளை அரை மணித்தியாலம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"றுஷ்தி, மீனக் காப்பாத்துற சங்கம் எல்லா இடத்துலயும் இருக்கு. இழந்த சங்கம் எத்தனை இருக்கு? நாங்கதான்! கண்ணுக்கு முன்னாலயே கடைசி ட்ரவுட்டப் பறிகொடுத்தவங்க! வெளிநாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும். இங்க ஒரு நினைவுக் கல் வைப்போம். அஞ்சலி முடிஞ்ச கையோட மூங்கிலாற்று வேல எல்லாத்தையும் முடிச்சிரலாம். இல்லாத மீனுக்குக் கயிறு எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலி. விருந்தினர் கண்ணில் படக் கூடாதென்று குப்பை மேட்டை முந்தின நாளே ஷுக்ரி ஏற்றிக்கொண்டு, எடுத்த இடமான பசறைக்கே கொண்டுபோய்விட்டார். கசத்துக் கரையில் கருங்கல் நட்டிருந்தார்கள். 'மனிதரின் அலட்சியத்தால் மறைந்த மூங்கிலாற்று ட்ரவுட்டின் நினைவாக' என்று எழுதி, கீழே தலைவரின் பெயர், பட்டங்கள். மீனுக்கு ஒரு வரி, தலைவருக்கு நாலு வரி. அச்சடித்த அறிக்கை எல்லோர் கையிலும் இருந்தது. லயத்து ஆட்கள் வெள்ளைச் சட்டையில் வரச் சொன்னதால் வெள்ளையில் வந்திருந்தார்கள்.

"இப்போது இரண்டு நிமிட மௌனம்," என்றார் ஜெயரூபன். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

அரை நிமிஷம் போயிருக்கும். கசத்தில் 'பளார்' என்று ஒரு சத்தம். முழங்கை நீள மீன், புள்ளி முதுகோடு, ஒரு பூச்சிக்காகத் துள்ளி விழுந்தது.

மாரிசாமி தலை நிமிர்ந்து பாக்கியலெட்சுமியைப் பார்த்தார். போச்சு. கயிறு மறுபடி வரும், ஊதுகுழல் வரும், பெரட்டு வரும், மதுஷா மறுபடி குடத்தோடு ஏறுவாள். றுஷ்தியின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவர் தலைவரின் கையைத் தொட்டார்.

"இன்னும் எண்பது செக்கன் இருக்கு," என்றார் ஜெயரூபன், கண்ணைத் திறக்காமல். றுஷ்தி தன் கையெழுத்திருந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு மறுபடி தலை குனிந்துகொண்டார்.

மீன் மறுபடி துள்ளத் தண்ணீர் சுழித்தது. அந்த நொடியில் பாக்கியலெட்சுமி மாரில் அடித்துக்கொண்டு கசத்துக் கரையில் விழுந்தாள்.

"சீமையில பொறந்த மகராசா! எங்க சில்லுத் தண்ணியில வாழ்ந்த மகராசா! கசத்துக்குள்ள காலு நீட்டிப் படுத்துட்டியே!"

மீனுக்குக் கால் ஏது என்று யாரும் கேட்கவில்லை. லயத்துப் பெண்கள் அவளை ஒரு தரம் பார்த்தார்கள், கசத்தை ஒரு தரம் பார்த்தார்கள், விளங்கிக்கொண்டார்கள். இருபது பேரும் தலையை விரித்துப் போட்டு, கட்டிப்பிடித்து, ஒன்றாக ஓலமிட்டார்கள். மீன் இரண்டாம் தரம் துள்ளியது யார் காதிலும் விழவில்லை. விருந்தினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சமூகப் பங்களிப்பு என்றால் இதுதான் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். கமராக்காரர் அழுகிற பெண்களை மட்டும் எடுத்தார்.

மௌனம் முடிந்ததும் ஜெயரூபன் கல்லில் மாலை போடக் கசத்தின் விளிம்புக்குப் போனார். அழுகை அவரை நிஜமாகவே கலக்கியிருந்தது. குனிந்து மாலையை வைத்தபோது, மீன் அவருக்கு நேர் முன்னால், மூன்றாம் தரமாக எழும்பி விழுந்தது. அவர் காற்சட்டை முழங்கால்வரை நனைந்தது. அவர் மீனைப் பார்த்தார். அது அசையாமல், தெளிந்த தண்ணீரில், அவருக்குத் தெரிகிற மாதிரி நின்றது. அவர் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மாரிசாமியைப் பார்த்தார்.

"மாரிசாமி," என்றார் மெதுவாக, "அறிக்கை அச்சாயிடுச்சு."

"தெரியுங்க ஐயா."

"அடுத்த மாசம் மாநாடு. டிக்கெட்டும் போட்டாச்சு."

"நல்லதுங்க."

"இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணும்."

மாரிசாமி கருங்கல்லில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் வாழ்நாளில் இவ்வளவு மனப்பூர்வமாக எந்தச் சத்தியமும் செய்ததில்லை.

தொண்டர்கள் கயிற்றைச் சுருட்டினார்கள், பலகையைப் பிடுங்கினார்கள், வேனில் ஏறினார்கள். மாரிசாமி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி வலையில் கை வைத்தார். கடைசி வேன் வளைவு திரும்பி மறையும்வரை பாக்கியலெட்சுமி அழுகையை நிறுத்தவில்லை.